கடைசி வரிசையில் ஓர் இருமல்

பெரியவளே, சின்னவனே, இதை உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேருமே மண்டபத்தில் இருந்தீர்கள். நடந்ததைக் கண்ணால் பார்த்தீர்கள். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியாது, பின்னால் நடந்தது எதுவுமே தெரியாது. வீட்டில் அந்தப் பேச்சு வந்தாலே ஒருத்தி தட்டைப் பார்க்கிறாள், ஒருத்தன் போனைப் பார்க்கிறான், நான் எழுந்து கை கழுவப் போய்விடுகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் எனக்காக நானே வக்கீல் வேலை பார்க்கத் தொடங்கிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

என் படிப்பு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். பள்ளியில் எனக்கு ஒழுங்காக வந்தது தமிழ் ஒன்றுதான். மளிகை மொத்தக் கடைக்கு வேன் ஓட்டுகிறேன். இங்கே பிழைக்க வந்த நம் ஊர்க்காரர்கள் வைத்த சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனதும்கூட என் திறமையால் இல்லை. நாற்காலி, அண்டா, அரிசி மூட்டை ஏற்ற ஒரு வேன் வேண்டியிருந்தது, அதை ஓட்டுகிறவனையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள். தலைவர் மாமா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் அதட்டினால் நாங்கள் கேட்போம். இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவின் ஒரு சந்தில் மாடியில் ஒரு மண்டபம், கீழே ஒரு போன் ரிப்பேர்க் கடை. சங்கம் என்றால் அவ்வளவுதான்.

பெரியவளே, ஒரு நிதி இருக்கிறது என்று முதலில் சொன்னது நீதான். பாலிடெக்னிக்கில் அறிவிப்புப் பலகையில் பார்த்ததாக வந்து சொன்னாய். இணையவெளியில் நாடுகள் ஒன்றோடு ஒன்று பொறுப்பாக நடந்துகொள்வதைப் பற்றிய திட்டங்களுக்கு அரசாங்கம் பணம் தருகிறது, சின்னச் சங்கங்களும் கேட்கலாம் என்றாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொறுப்பாக நடந்துகொள்ள நாடு என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா என்று கேட்டேன். நீ சோற்றுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு விளக்கினாய்.

மின்சாரம், தண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாம் இப்போது கணினியில் ஓடுகிறது. ஒரு நாட்டுக் கணினியை இன்னொரு நாடு உடைத்தால் குண்டு போட்ட மாதிரிதான். அதனால் உலக நாடுகள் உட்கார்ந்து பேசி, சில நெறிகளை ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஜனங்கள் உயிர் பிழைக்க நம்பியிருக்கிற இடங்களைத் தாக்கக்கூடாது. தன் மண்ணில் இருந்துகொண்டு பிறரைத் தாக்க யாருக்கும் இடம் கொடுக்கக்கூடாது. அடிபட்ட நாடு உதவி கேட்டால் செய்ய வேண்டும். யார் செய்தது என்று எல்லாத் தகவலையும் ஆராயாமல் பழி போடக்கூடாது. இவை பெரிய மண்டபங்களில் பேசப்பட்ட பேச்சு. இதைச் சாதாரண ஜனங்களின் மொழியில், பல நாட்டு ஆட்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசுகிற திட்டத்துக்குத்தான் நிதி.

அதில் கடைசி நெறியை நான் அன்றைக்கே தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். எளிமையாக இருக்கிறதே, இதற்கு எதற்கு உலக மாநாடு என்றுகூட நினைத்தேன்.

விண்ணப்பத்தை நீதான் ஆங்கிலத்தில் எழுதினாய். நேர்காணலுக்கு நீயும் நானும் தலைவர் மாமாவும் போனோம். தஞ்சோங் பகாரில் உயரமான கட்டடம், குளிர் எலும்பு வரைக்கும் போனது. நிதியைக் கவனிக்கிற அதிகாரி சின்ன வயதுப் பெண். அவர் கேட்ட ஒரே கேள்விதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்கள் சங்கத்து ஆட்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டார். தலைவர் மாமா என்னைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். நீ கீழ்க்கடை ரிப்பேர்க்காரரின் கதையைச் சொன்னாய்.

அவரை உங்கள் இருவருக்கும் தெரியும். அவருடைய நாட்டின் பெயரை நான் இதில் எழுதப்போவதில்லை. ஒருமுறை அந்தப் பெயரை எழுதியதில் வந்தது போதும். அந்தக் கடையில் போன் சரிபார்க்கும் ஆளாக வேலை அனுமதியில் வந்தவர். கடைக்குள் புழங்கியே தமிழ் கற்றுக்கொண்டவர். "என்ன அண்ணே, ஸ்கிரீன் போச்சா, இல்ல மனசு போச்சா?" என்று எல்லா வாடிக்கையாளரிடமும் ஒரே நகைச்சுவையைச் சொல்வார். யாராவது போனைத் திறக்க இரகசிய எண்ணை அழுத்தினால், எழுந்து சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அழுத்தி முடித்தோம் என்று நாம் சொன்ன பிறகுதான் திரும்புவார். சங்கத்தின் இணையப் பக்கத்தை அமைக்க உதவி செய்தபோதும் அப்படித்தான். பாஸ்வேர்டை என்னிடம் சொல்லாதீங்க, நீங்களே அடிங்க என்று சொல்லிவிட்டு, மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியவளே, உன் போனுக்குக் கண்ணாடி மாற்றும்போது அவர் தன் அம்மாவைப் பற்றி உன்னிடம் சொல்லியிருந்தார். அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யாது. வாராவாரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். ஒருநாள் அந்த ஊர் ஆஸ்பத்திரியின் கணினிகளை யாரோ வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். யாருக்கு என்ன மருந்து, யாருக்கு எந்த நேரம், ஒன்றும் திறக்கவில்லை. நோயாளிகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவைச் சரக்கு வண்டியில் படுக்கவைத்துப் பக்கத்து நகரத்துக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். இவர் இங்கே தேக்காவில் ஒரு போனைப் பிரித்து வைத்துக்கொண்டு, இன்னொரு போனில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சிகிச்சைக்கு இவர் அனுப்புகிற சம்பளம்தான் ஆதாரம்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். அவர் உங்கள் நிகழ்ச்சியில் பேசுவாரா என்றார். பேசுவார் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். நிதி கிடைத்தது. என் பேச்சுக்கும் தலைவர் மாமாவின் வெள்ளைத் தொப்பிக்கும் கிடைக்கவில்லை. அந்த அம்மா சரக்கு வண்டியில் போன கதைக்குத்தான் கிடைத்தது. இதை நீங்கள் மறக்கக்கூடாது. நான் மறந்துபோனேன்.

நோன்பு மாதம் வந்தது. பெருநாள் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி என்று முடிவாகியிருந்தது. ஒரு காலையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது தலைவர் மாமா போனில் கூப்பிட்டுச் சங்கத்து இணையப் பக்கத்தைப் பார் என்றார். பார்த்தேன். சங்கத்தை ஆரம்பித்த பெரியவர்களின் படம் இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம். சீட்டுக்கட்டு, பொற்காசு, அரைகுறை ஆடையில் ஒரு பெண், கீழே வட்ட வட்டமாக ஏதோ எழுத்து. நோன்பு நாளில், சங்கத்தின் பெயருக்குக் கீழே. அந்த வட்ட எழுத்தைக் கீழ்க்கடை ரிப்பேர்க்காரரின் போனில் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான்.

வேனில் உட்கார்ந்தபடியே சங்கத்துக் குரூப்பில் எழுதினேன். எழுதியது இதுதான்: சகோதரர்களே, நம் பக்கத்தை உடைத்தது இன்ன நாட்டுக்காரர்களின் வேலை. அந்த நாட்டு ஆள் நம் கட்டடத்திலேயே இருக்கிறார். கீழே போனைக் கொடுப்பவர்கள் யோசித்துக் கொடுங்கள்.

தட்டியவுடன் நெஞ்சு லேசானது. உண்மையைச் சொல்கிறேன், ஏதோ காவல்காரன் விசில் ஊதிய மாதிரி ஒரு பெருமை வந்தது. மத்தியானத்துக்குள் அந்தச் செய்தி வேறு குரூப்புகளைச் சுற்றி, தெரியாத எண்ணிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. அதில் என் பெயர் போய், 'உறுதியான தகவல்' என்று மேலே ஒரு வரி சேர்ந்திருந்தது.

பெரியவளே, நீ அன்று சாயங்காலம் என்னிடம், எந்த மொழியை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் போடலாம் என்றாய். படிச்சவங்க பேச்சு இது, எனக்குத் தெரியும் என்று வாயை அடைத்தேன். கீழே இறங்கி, இது என்ன எழுத்து என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாடிப்படிதானே நடுவில் இருந்தது. கேட்கவில்லை.

அடுத்த வாரம் கஞ்சி ஊற்றுகிற நேரம். நம் சங்கத்தில் நோன்புக் கஞ்சிக்கு யார் வந்தாலும் உட்காரலாம் என்பது உங்களுக்குத் தெரியும். விடுதிகளிலிருந்து வேலையாட்கள் வருவார்கள். நோன்பு திறந்துவிட்டு ஊருக்கு வீடியோவில் பேசுவார்கள். அவர்களுக்காகத்தான் நான் சுவரில் பெரிய எழுத்தில் வைஃபை பாஸ்வேர்டை ஒட்டிவைத்திருந்தேன். நம் ஊர்ப் பெயரும் சங்கம் தொடங்கிய வருஷமும். ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் ஒட்டியது. பெரியவளே, நீ கஞ்சிக் கிண்ணத்தோடு அந்தச் சுவர் முன்னால் நின்றுவிட்டாய்.

"அத்தா, பேஜுக்கு என்ன பாஸ்வேர்ட் வச்சிருக்கீங்க?"

சுவரைப் பார்த்தேன். எண்ணெய்க் கறை படிந்த அந்தக் காகிதத்தில் இருந்ததேதான். பெரியவர்களுக்கு இரண்டு பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்காது என்று எல்லாவற்றுக்கும் ஒன்றே வைத்தது நான்தான். கஞ்சி குடிக்க வந்தவர், தண்ணீர் போத்தல் இறக்க வந்தவர், அவர்கள் எடுத்து அனுப்பிய படங்களில் பின்னால் தெரிந்த சுவரைப் பார்த்தவர், யார் வேண்டுமானாலும் உள்ளே போயிருக்கலாம். யார் என்று இன்றுவரை தெரியாது. தெரியாமலே போகலாம். ஒருத்தர் மட்டும்தான் அந்தப் பாஸ்வேர்டைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவர். அவர் பெயரைத்தான் நான் கெடுத்துவைத்திருந்தேன்.

தலைவர் மாமாவைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"சரிப்பா, தப்பு நம்ம மேலதான். ஆனா இப்ப போய் குரூப்ல போட்டா நிதி குடுத்தவங்க காதுக்குப் போகும். இணையத்துக்குப் பொறுப்பு சொல்ல காசு வாங்கிட்டு, செவுத்துல பாஸ்வேர்ட் ஒட்டி வச்சிருந்தோம்னா சிரிப்பாங்கல்ல. ப்ரோக்ராம் முடியட்டும். அப்புறம் போட்டுக்கலாம்."

தலைவர் மாமா மேல் பழியைத் தள்ளிவிட்டுத் தப்பிக்க நினைக்கவில்லை. அவர் சொல்வதற்கு முன்பே என் மனதில் அதே பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பேப்பரை மட்டும் கிழித்துப் பாஸ்வேர்டை மாற்றினேன். செய்தியை மாற்றவில்லை.

பெரியவளே, நீ என்னிடம், குரூப்பில் போட்டுவிட்டீர்களா என்று கேட்டாய். போடுகிறேன் என்றேன். மறுபடி கேட்டாய். பெருநாள் வேலை என்றேன். பிறகு நீ கேட்பதை நிறுத்திவிட்டாய்.

அந்த நாட்களில் நான் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே மாடிப்படி ஏறுவேன். ஆனாலும் கண் போய்விடும். முன்பெல்லாம் கவுண்டரில் அவர் முன்னால் ஆட்கள் குனிந்துகொண்டு நிற்பார்கள். இப்போது முதலாளியே கவுண்டரில் நின்றார். இவரைப் பின்னால் மடக்குக் கதவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். நம் சங்கத்து ஆள் ஒருவர் போனை நீட்டி, நீங்களே பாருங்க பாஸ், அந்த ஆளு வேணாம் என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அவருக்கும் கேட்டிருக்கும்.

நிகழ்ச்சிக்கு முன்னால் இன்னொன்றும் செய்தேன். அவர் பேசினால் சபையில் யாராவது ஏதாவது சொல்வார்கள், அதிகாரி முன்னால் மானம் போகும் என்று பயந்து, அவரைப் பேச்சாளர் வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். நிகழ்ச்சி நீண்டுவிட்டது தம்பி, நேரம் போதாது என்று பொய் சொன்னேன். அவர் திருகாணிச் சட்டியை மூடிவைத்துவிட்டு, "சரி அண்ணே, பரவால்ல. தமிழ்ல நாலு வரி உங்க பொண்ணு எழுதிக் குடுத்துச்சு, மனப்பாடம் பண்ணேன். அதுக்கென்ன" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. அந்தச் செய்தி அவர் போனுக்கும் வந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீங்களும் பார்த்தீர்கள். நாற்காலிகள் நிறைந்துவிட்டன. இலங்கையிலிருந்து இரண்டு பேர், மலேசியாவிலிருந்து ஒரு குடும்பம், விடுதி ஆட்கள், நம் ஊரார், முன்வரிசையில் அதிகாரி. பிரியாணி வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. கணினியைப் பெரிய திரையில் இணைக்கப் பார்த்தால் வயர் பொருந்தவில்லை. பெரியவளே, நீ யாரிடமும் கேட்காமல் கீழே ஓடினாய். கையில் ஒரு சின்ன அடாப்டரோடு அவரையே கூட்டிக்கொண்டு வந்தாய்.

அவர் உள்ளே வந்ததும் ஒரு சத்தம் கேட்டது, ஞாபகம் இருக்கிறதா? பேச்சு குறைகிற சத்தம். சில பேர் மடியில் இருந்த போனைக் கவிழ்த்துவைத்தார்கள். ஒரு அக்கா கைப்பையை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் குனிந்து வயரை மாட்டிக்கொண்டிருந்தபோது மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் சத்தமாகவே சொன்னார்.

"பாத்துக்கங்க மச்சான், படம் வர்றதுக்குள்ள பாஸ்வேர்ட் போயிடப்போவுது."

சிரித்தார்கள். நிறையப் பேர் சிரித்தார்கள். சின்னவனே, நீயும் சிரித்தாய். அதை நான் பார்த்தேன், நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். அதனால்தான் நீ அந்தப் பேச்சு வந்தால் போனை எடுக்கிறாய் என்று நினைக்கிறேன். உனக்கு ஒன்று சொல்கிறேன். அந்தச் சிரிப்பு உன்னுடையது இல்லை. வேனில் உட்கார்ந்து நான் எழுதி உன் வாயில் போட்டது. ஒலிவாங்கி என் கையில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் மண்டபம் முழுக்கக் கேட்கும். நான் அதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

திரையில் படம் வந்தது. அவர் கடைசி வரிசைக்குப் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றார். நிகழ்ச்சி முடிந்ததும் அடாப்டரை எடுத்துப்போக வேண்டும், அது கடையின் சாமான். நான் நெறிகளைத் தமிழில் வாசிக்க வேண்டும். நீ அழகாக மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தாய். ஆஸ்பத்திரிகளைத் தாக்காதே என்று வாசித்தேன். தலையாட்டினார்கள். உன் மண்ணிலிருந்து பிறரைத் தாக்க இடம் கொடாதே என்று வாசித்தேன். தலையாட்டினார்கள். அடுத்த வரிக்கு வந்தேன். எல்லாத் தகவலையும் ஆராயாமல் ஒரு நாட்டின் மேல் பழி சுமத்தாதே. அந்த வரியை நான் நிறுத்தி நிதானமாக வாசித்தேன் என்று பிறகு பலபேர் பாராட்டினார்கள். நிதானம் இல்லை அது. கடைசி வரிசைப் பக்கம் கண் போகாமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் கேள்வி நேரம். அதிகாரி கையைத் தூக்கினார். நேர்காணலில் ஒரு மருத்துவமனைக் கதை கேட்டோமே, அந்த அம்மாவின் மகன் இன்று பேசுவார் என்று எதிர்பார்த்தேன், அவர் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை, ஆசையாகத்தான் கேட்டார். அதிகாரிக்கு அவர் முகம் தெரியாது. பெரியவளே, நீ என்னைப் பார்த்தாய். தலைவர் மாமா செருப்பைப் பார்த்தார்.

இதோ பின்னால் நிற்கிறார் என்று சொல்வதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும்? நான் சொன்னது வேறு.

"சாரி மேடம். ஹி இஸ் நாட் வெல் டுடே."

அப்போதுதான் கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது.

அவர்தான். வாயில் கையை வைத்து ஒருமுறை இருமினார். நான் பார்த்ததும் இன்னொருமுறை இருமினார், கொஞ்சம் நிஜமாக. பிறகு யாரும் பார்க்காத மாதிரி படியிறங்கிப் போய்விட்டார். அதிகாரி திரும்பிப் பார்க்கவே இல்லை. பரவாயில்லை, சீக்கிரம் குணமாகட்டும் என்று சொல்லி உட்கார்ந்தார். கைதட்டினார்கள். பிரியாணித் தட்டுகள் வந்தன. எல்லோரும் நிகழ்ச்சி நன்றாக இருந்தது என்றார்கள். நான் ஒவ்வொரு தட்டாக நீட்டிக்கொண்டிருந்தேன், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஈசூனில் நம் வீட்டுக்கு நீங்கள் அம்மாவோடு ரயிலில் போனீர்கள். நான் வேனை மளிகைக் கடையில் விட்டுவிட்டுப் பின்னால் வந்தேன். நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கல் மேசையில், பெரியவளே, நீ தனியாக உட்கார்ந்திருந்தாய்.

"அத்தா, அவர் இருமுனாரு."

"கேட்டுச்சும்மா."

"உங்களுக்காக இருமுனாரு."

லிஃப்ட்டில் நாம் இருவரும் கதவையே பார்த்துக்கொண்டு மேலே போனோம்.

மறுநாள் காலை நான் முதலில் போனது கீழ்க்கடைக்குத்தான். முதலாளி ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். நம் தமிழ் ஆள்தான், என்னைவிட வயதில் சின்னவர். எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் ஒட்டிய பாஸ்வேர்ட், நான் எழுதிய செய்தி, அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்பது. முதலாளி சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"நீங்கதானா அண்ணே அதைப் போட்டது?" என்றார். பிறகு, "அவன் வேலை பாஸ் முடியப்போவுது. புதுப்பிக்கலன்னு போன வாரமே சொல்லிட்டேன். அவன் செஞ்சானா இல்லையான்னு நான் கேக்கவே இல்ல. வர்றவங்க வரமாட்டேங்குறாங்க. நான் வாடகை கட்டணும்லா."

குரூப்பில் இப்போதே எழுதுகிறேன், எல்லோரும் திரும்பி வருவார்கள் என்றேன். எழுதுங்க என்றார். வேற ஆளுக்கு விண்ணப்பம் போட்டாச்சு என்றும் சொன்னார். போன வாரமே சொல்லிவிட்டேன் என்று அவர் சொன்னதுதான் எனக்குள் நின்றுகொண்டது. அதற்கு முந்தின வாரம் நான் பேசியிருந்தால் இவர் இங்கே இருந்திருப்பார். அந்த வாரம் நான் மேடைக்குப் பூச்செண்டு எங்கே மலிவு என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஷட்டருக்கு முன்னாலேயே நின்று குரூப்பில் எழுதினேன். பழைய செய்தியை அழிக்கப் பார்த்தேன். நாளாகிவிட்டதால் எல்லோருக்கும் அழிக்க முடியவில்லை, எனக்கு மட்டும்தான் அழிக்கலாம் என்றது. எனக்கு மட்டும் அழித்து என்ன பிரயோசனம்? அப்படியே விட்டுவிட்டு, நான் எழுதியது தவறு, ஆதாரம் இல்லாமல் எழுதினேன், பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டியது நான் என்று எழுதினேன். இரண்டு மூன்று பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர், அதான் ப்ரோக்ராம் நல்லபடியா முடிஞ்சிடுச்சே, விடுங்க என்று போட்டார். பிறகு யாரோ பிரியாணிப் படத்தைப் போட, பேச்சு அங்கே போய்விட்டது. முதல் செய்தி ஊரைச் சுற்றியது. இது குரூப்பின் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

அதிகாரிக்கும் போன் செய்து சொன்னேன். அறிக்கையில் இதை அப்படியே எழுத வேண்டும் என்றார். அவரை நான் சந்திக்கலாமா என்று கேட்டார். ஊருக்குப் போகப்போகிறார் என்று சொன்னேன். அப்படியா என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் கடைப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். திருகாணிகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். என்ன செய்வதென்று தெரியாமல் போனை எடுத்து, உடைந்த பக்கத்தின் படத்தைக் காட்டினேன். அன்றைக்கே காட்டியிருக்க வேண்டிய படம். அவர் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அண்ணே, இது எங்க எழுத்து இல்ல."

எந்த நாட்டு எழுத்து என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன் அண்ணே. எழுத்த வச்சு ஆளைச் சொல்ல முடியுமா? நான் புதுசா வந்தப்ப தேக்கால தமிழ் போர்டு, மலையாள போர்டு எல்லாம் எனக்கு ஒண்ணாத்தான் இருந்துச்சு. உருண்டை உருண்டையா." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஏன் இருமினீங்க தம்பி என்று கேட்டேன். அவர் பொட்டலத்துக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டே, "நீங்க ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டீங்க. உங்க பொண்ணு உங்களையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. நானும் எங்கம்மாவுக்குப் பிள்ளதானே அண்ணே" என்றார்.

அம்மாவின் சிகிச்சைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார். ஊரில் ஒரு கடையில் வேலை கேட்டிருக்கிறாராம், சம்பளம் குறைவுதான், ஆனால் வாராவாரம் அம்மாவை அவரே கூட்டிப்போகலாமாம். விமான நிலையத்துக்கு வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேணாம் அண்ணே, ரயில் இருக்கே என்றார்.

அவர் போன பிறகு ஒருநாள், மளிகை இறக்கிவிட்டுச் சங்கத்துக்குப் போனேன். மாடியில் யாரும் இல்லை. அவர் கொண்டுவந்த அடாப்டர் இன்னும் வயரில் மாட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் கீழே கொண்டுபோனேன். கடை பூட்டியிருந்தது. மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். போனை எடுத்துச் சங்கத்துக் குரூப்பில் மேலே மேலே தள்ளிக்கொண்டு போய், பெருநாள் வாழ்த்து, பிரியாணி, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் தாண்டி என் முதல் செய்தியைக் கண்டுபிடித்தேன். அதைக் குரூப்பின் உச்சியில், யார் திறந்தாலும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி குத்திவைத்தேன். அதற்குப் பக்கத்திலேயே என் திருத்தத்தையும் குத்திவைத்தேன். எவ்வளவு காலம் அங்கே இருக்கட்டும் என்று போன் கேட்டது. இருந்ததிலேயே நீளமானதைத் தொட்டேன்.